நந்தனைத் தடுத்தது யார்?

செமஸ்டர் நெருங்கினா நம்மில் பாதிப் பேர் திருவந்திபுரத்தில்தான் இருப்போம். தேவநாதரைச் சேவிச்சிட்டு, மலைப்படி ஏறி, ஹயக்ரீவர் சன்னதியில் பேனாவை வச்சு வாங்கிட்டு வருவோம். வாசலில் நம்ம சாதி என்னன்னு யாரும் கேட்பதில்லை. இது ரொம்பப் பழைய வழக்கம்னு நினைச்சுடாதீங்க. சென்னை மாகாணத்தில் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலுக்குள் போகும் உரிமையைத் தந்த ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல்தான்.

அதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடி, இங்கிருந்து தெற்கே, கொள்ளிடக் கரையில் ஒருத்தர் சிதம்பரம் போகணும்னு ஆசைப்பட்டார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்னு சொல்லிச் சொல்லியே அவருக்குத் திருநாளைப்போவார்னு பெயர் வந்துடுச்சு. நமக்குத் தெரிஞ்ச பெயர் நந்தனார்.

சுந்தரரின் தொகையில் அவர் வெறும் ஒரு பெயர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார்தான் பெரியபுராணத்தில் கதையை விரிவாகச் சொல்கிறார். ஆதனூரில் புலையர் சேரியில் பிறந்தவர். ஊர் விட்ட துண்டு நிலத்தில் பிழைப்பு. கோயில் முரசுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுப்பது அவர் தொண்டு. கவனிச்சீங்களா? அவர் கொடுத்த பொருள் எல்லாம் உள்ளே போகும், அவர் மட்டும் வாசலில் நிற்பார்.

திருப்புன்கூரில் அவர் பார்க்கட்டும்னு நந்தி விலகியது. அங்கே அவர் ஒரு குளம் வெட்டினார். கடைசியில் தில்லை எல்லை வரை வந்துட்டார். உள்ளே போகத் துணிவில்லாமல் ஊரையே சுற்றிச் சுற்றி வந்தார். கனவில் வந்த இறைவன் தீயில் மூழ்கி வரச் சொன்னார். பூணூல் அணிந்த முனிவராக வெளியே வந்தவர், சன்னதிக்குள் போய் மறைந்தார்.

இதுல ஏதோ குறையுதேன்னு தோணுதா? ஆண்டை எங்கே? லீவு கொடுக்காமல், நாற்பது வேலி நிலத்தையும் அறுத்து முடிச்சுட்டுப் போன்னு மிரட்டுவாரே, அந்த வேதியர்? நாற்பது வேலின்னா 260 ஏக்கருக்கு மேல். சேக்கிழாரில் அவர் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் வருகிறார். 1942இல் தண்டபாணி தேசிகர் நடிச்ச படம் வழியா நம்ம தாத்தா பாட்டி வரைக்கும் வந்துட்டார்.

அப்போ பாரதியார் கட்டிவிட்ட கதையா? பாதி மட்டும்தான். பழைய நந்தனுக்கு ஆண்டை இருந்தாரான்னு அந்தக் கீர்த்தனை நிரூபிக்காது. ஆனால் பாரதியார் காலத்து வயலில் ஆண்டை நிஜம். 1819இல் சென்னை ரெவின்யூ போர்டு கலெக்டர்களிடம் விவசாய அடிமைமுறை பற்றி விசாரித்தது. தமிழ் மாவட்டங்களிலிருந்தும் அது இருக்குன்னே பதில் போனது. 1843ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு மனிதன்மேல் சொத்துரிமை கோரினால் கோர்ட் ஏற்காதுன்னு மட்டும் சொன்னது. அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1862இல் அமலுக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில்தான்.

ஏன் இப்படிக் கட்டி வச்சாங்க? நெல் வயலை யோசிச்சுப் பாருங்க. நடவும் அறுப்பும் சில நாளுக்குள் முடியணும். அந்த நாளில் ஆள் வராட்டி விளைச்சல் போச்சு. அதனால் கல்யாணத்துக்குக் கடன் கொடுத்து, குடும்பத்தையே பண்ணையோட பிணைச்சாங்க. நிலம் வாங்க விடாமல் சாதி பார்த்துக்கொண்டது. நிலமற்ற கூலிகளை உருவாக்கியதே வெள்ளைக்காரன்தான்னு ஒரு வாதம் இருந்தது. தர்மா குமார் 1965இல் வந்த தன் நூலில் அதை மறுத்தார். ரூபா விஸ்வநாத் இன்னொன்றைக் காட்டினார்: இங்கே இருப்பது மென்மையான, குடும்பம் மாதிரியான அடிமைமுறைன்னு சொல்லியே அதிகாரிகளும் மிராசுதாரர்களும் அதைத் தொடாமல் விட்டார்கள்.

இந்தப் பூசி மெழுகல் நம்ம ஊர் விஷயம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலம் 1860 டிசம்பர் 20 அன்று நாட்டிலிருந்து பிரிந்தது. ஏன் பிரிகிறோம்னு அப்போது அவர்களே வெளியிட்ட அறிக்கையில், தப்பி ஓடிய அடிமைகளை வட மாநிலங்கள் திருப்பித் தரவில்லைன்னு வெளிப்படையாகவே புகார் இருக்கு. போரில் தோற்ற பிறகு, மாநில உரிமைக்காகத்தான் பிரிந்தோம்னு கதை மாறியது. வரலாற்றாசிரியர்கள் அந்த முதல் அறிக்கையைத்தான் திரும்ப எடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள்.

நந்தன் கதையையும் அப்படித்தான் படிக்கணும். பக்தி மட்டும் பார்த்தால் தடுத்தது பிறப்புன்னு முடிஞ்சிடும். வயலையும் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், தடுத்தவர்களுக்கு அதில் லாபம் இருந்ததும் தெரியும்.

அடுத்த முறை சிதம்பரம் போனா, தீ வளர்த்த இடம்னு மரபு சொல்லும் ஓமக்குளம் பக்கமும் போய்ப் பாருங்க. சுவாமி சகஜானந்தா 1916இல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். வயலுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் நந்தன் பெயர் போட்ட பள்ளிக்குப் போனார்கள். அவர்கள் யாரும் தீயில் இறங்க வேண்டியிருக்கவில்லை.