ஃபுல்லர் ஆல்பிரைட்

ஃபுல்லர் ஆல்பிரைட் (சனவரி 12, 1900 – டிசம்பர் 8, 1969) அமெரிக்க மருத்துவர், நாளமில்லாச் சுரப்பியியல் ஆய்வாளர். பாராதைராய்டு சுரப்பிகளின் நோய்கள், எலும்பு நோய்கள் ஆகியவை பற்றிய இன்றைய அறிவின் பெரும்பகுதிக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர்.

வாழ்க்கை

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தார். 1924 இல் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியில் பட்டம் பெற்றார். பின்னர் வியன்னாவில் நோயியல் அறிஞர் யாக்கோப் எர்டைமிடம் ஓராண்டு பயின்று, பாஸ்டனிலுள்ள மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குத் திரும்பினார்.

பாராதைராய்டு ஆய்வுகள்

கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம் அமைந்த, அரிசிமணி அளவேயான நான்கு சுரப்பிகள் இரத்தத்தின் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்துகின்றன. இவை மிகையாகச் சுரந்தால் எலும்புகள் உருக்குலையும் என்பதே அக்காலக் கருத்து. சார்லசு மார்ட்டெல் என்ற கப்பல் தலைவர் இதற்குச் சான்றாக இருந்தார். எலும்புகள் தேய்ந்து உயரம் குறைந்துபோன அவருக்கு ஆறு அறுவைகள் பயனளிக்கவில்லை. 1932 இல் நடந்த ஏழாவது அறுவையில்தான் கட்டி மார்புக்கூட்டினுள் கண்டறியப்பட்டது. சில வாரங்களில் அவர் இறந்தார்.

ஆல்பிரைட் இத்தகைய முற்றிய நோயாளிகளோடு நின்றுவிடாமல், சிறுநீரகக் கல் உள்ளவர்களிடமும் கால்சியம் அளவைத் தேடினார். எலும்பில் எந்தக் குறையும் இல்லாதோரிடமும் இந்நோய் இருப்பது தெரியவந்தது. 1934 இல் 17 நோயாளிகளைக் கொண்டு, இது அரிதானதன்று, பலவடிவங்களில் தோன்றுவது என்று காட்டினார். இவரது பணிகளுள் இதுவே முதன்மையானது எனலாம்.

கருவுற்ற பெண்களிடம் இதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. கருவுற்ற காலத்தில் இரத்தம் நீர்த்து மொத்தக் கால்சியம் இயல்பாகவே குறைவதால் மிதமான நோய் மறைந்து நிற்கக்கூடும். தாயின் மிகைக் கால்சியம் நச்சுக்கொடி வழியே சென்று சிசுவின் பாராதைராய்டுகளை ஒடுக்குகிறது. பிறந்தபின் குழந்தைக்குக் கால்சியம் குறைந்து வலிப்பு வரலாம். குழந்தையின் வலிப்பைக் கொண்டே தாயின் நோய் கண்டறியப்பட்டதும் உண்டு. மிதமான நிலையில் நீர் மிகுதியாக அருந்தச் செய்து, கால்சியத்தை அடிக்கடி அளந்து கண்காணிப்பது வழக்கம். அளவு உயர்ந்தாலோ, கல் அல்லது கணைய அழற்சி தோன்றினாலோ, இரண்டாம் மும்மாதத்தில் அறுவை செய்வது பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது.

1942 இல், இயக்குநீர் இருந்தும் உடல் அதற்கு இணங்காத போலிப் பாராதைராய்டு குறைநோயை ஆல்பிரைட் குழு விளக்கியது. 1948 இல் ரைஃபன்சுடைனுடன் இணைந்து பாராதைராய்டு, எலும்பு நோய்கள் குறித்த நூலை வெளியிட்டார்.

இறுதிக் காலம்

முப்பதுகளின் இறுதியிலேயே ஆல்பிரைட்டுக்குப் பார்க்கின்சன் நோய் தொடங்கிவிட்டது. மேற்கூறிய 1942, 1948 ஆம் ஆண்டுப் பணிகள் கைநடுக்கத்தோடு செய்யப்பட்டவை. 1956 இல் நோயைத் தணிக்கச் செய்த மூளை அறுவையில் குருதிக்கசிவு ஏற்பட்டுப் பேச்சை இழந்தார். தாம் பணியாற்றிய மருத்துவமனையிலேயே 13 ஆண்டுகள் படுக்கையில் இருந்து 1969 இல் காலமானார்.