ஆற்றை அளந்த பிறகே நிலத்தை உழ வேண்டும்: ஜான் வெஸ்லி பவலின் வாழ்க்கை சொல்லும் பாடம்

அணைக்கு விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி நீர் வருகிறது என்ற செய்தியைப் பார்த்துத்தான் நாற்று விடலாமா, பொறுத்திருக்கலாமா என்று ஆற்றுப் பாசன விவசாயிகள் முடிவு செய்கிறார்கள். ஓடுகிற ஆற்றை அளந்து, அந்த அளவுக்குத் தக்கபடி சாகுபடி செய்வது இன்று நமக்குச் சாதாரண விஷயம். சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இதை வற்புறுத்தியதற்காக ஒருவர் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். அவர் ஜான் வெஸ்லி பவல்.

விவசாயக் குடும்பத்துப் பையன்

பவல் 1834 மார்ச் 24 அன்று நியூயார்க் மாநிலத்தில் மவுண்ட் மாரிஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை மதப் போதகர். அவர் ஊர் ஊராகப் போய்விடுவதால், விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்த குடும்பத்தின் பண்ணை வேலை சிறுவன் பவலின் தலையில் விழுந்தது. நிலத்தைச் சீர்திருத்துவதும், விளைந்த கோதுமையை வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவதும் அவர் வேலைதான். பள்ளிக்குப் போனது குறைவு. புத்தகங்களைத் தேடிப் படித்து, பிறகு பள்ளி ஆசிரியரானார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் படையில் சேர்ந்தார். 1862 ஏப்ரலில் ஷைலோ போரில் குண்டு பாய்ந்து, வலது கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் படையில் தொடர்ந்தார். போர் முடிந்ததும் இல்லினாய் மாநிலத்தில் நிலவியல் பேராசிரியரானார்.

ஒற்றைக் கையோடு கொலராடோ ஆற்றில்

1869 மே 24 அன்று பவலும் 9 பேரும் 4 படகுகளில் வயோமிங்கில் உள்ள கிரீன் ரிவர் என்ற ஊரிலிருந்து புறப்பட்டார்கள். ராக்கி மலைத்தொடரில் பிறக்கும் கிரீன் ஆறு, கொலராடோ ஆற்றில் கலந்து, கிராண்ட் கேன்யன் என்ற மாபெரும் மலைப் பள்ளத்தாக்கு வழியாக ஓடுகிறது. அதன் வரைபடம் அன்று யாரிடமும் முழுமையாக இல்லை.

ஜூன் மாதத்திலேயே ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. உணவில் ஒரு பகுதி போயிற்று. உயரத்தைக் கணிக்க உதவும் காற்றழுத்தமானிகள் உடைந்த படகிலிருந்து மீட்கப்பட்டன. ஒற்றைக் கையோடு பாறைகளில் ஏறி, ஆற்றின் மட்டத்தையும் மலையின் உயரத்தையும் பவல் கணித்தார். ஒருவர் ஜூலையில் விலகினார். மேலும் 3 பேர் ஆகஸ்ட் இறுதியில் பிரிந்து சென்று கொல்லப்பட்டார்கள். மூன்று மாதத்துக்குப் பின் 6 பேர்தான் பயணத்தை முடித்தார்கள். 1871-72இல் பவல் அதே ஆற்றில் மறுபடியும் போனார்.

மலை ஆற்றின் குணத்தை இந்தப் பயணங்களிலும், அடுத்து வந்த நில ஆய்வுகளிலும் அவர் அறிந்துகொண்டார். அங்கே குளிர்காலப் பனி மலையில் தேங்கி நிற்கும். மே, ஜூனில் அது உருகும்போது ஆறு கரைபுரளும். கோடையின் பிற்பகுதியில், பயிர் தண்ணீர் கேட்கும் நேரத்தில், ஆறு மெலிந்துவிடும். வெள்ளக் காலத்து ஆற்றைப் பார்த்து நிலத்தைத் திருத்தியவர்கள் கதிர் பிடிக்கும் நேரத்தில் தவித்தார்கள்.

உழுதால் மழை வரும் என்று நம்பிய காலம்

1862இல் வந்த சட்டப்படி, குடியேறி 5 ஆண்டு உழுபவருக்கு 160 ஏக்கர் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்தது. மேற்கே மழை குறைந்த நிலம்தான் அதிகம். ஆனால் நிலத்தை உழுதால் மழை தானாகப் பெருகும் என்று நிலம் விற்பவர்களும் சில படித்தவர்களும் பேசினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நம்பிப் போயின.

பவல் 1878இல் வறண்ட நிலங்களைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். ஆண்டுக்கு 20 அங்குலம், அதாவது சுமார் 500 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்யும் பகுதியில், மானாவாரியை நம்பிக் குடியேற வேண்டாம் என்றார். பாசன வசதி இருந்தால் ஒரு குடும்பத்துக்கு 80 ஏக்கர் போதும், மேய்ச்சல் நிலமானால் 2,560 ஏக்கர் வேண்டும் என்று கணக்குக் காட்டினார். தண்ணீர் உரிமை நிலத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதும் அவர் யோசனை. இல்லையென்றால் ஆற்றை வளைத்துப்போடும் ஒருவரிடம் மற்ற விவசாயிகள் கையேந்த வேண்டிவரும் என்று அவர் அஞ்சினார். அரசு அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1880களின் இறுதியில் மழை பொய்த்தபோது, கான்சாஸ், நெப்ராஸ்கா பகுதிகளில் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின.

எம்புடோவில் முதல் நீரளவை நிலையம்

1881இல் பவல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் தலைவரானார். 1888இல் பாசன ஆய்வுக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே அணை, எங்கே வாய்க்கால் என்று சொல்ல முடியும். ஆனால் ஆற்றை அளக்கப் பழகிய ஆட்களே இல்லை.

அதனால் நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் எம்புடோ என்ற சிற்றூரில் ஒரு பயிற்சி முகாம் போட்டார்கள். குளிர்காலத்திலும் அங்கே வேலை செய்யலாம், ரயில் பாதையும் பக்கத்தில் இருந்தது. ஃபிரெடரிக் நியூவெல் என்ற இளம் பொறியாளர் தலைமையில் சில இளைஞர்கள் மிதவை விட்டும், ஓட்டமானி என்ற சுழலும் கருவியை நீரில் இறக்கியும் பழகினார்கள். 1889 ஜனவரியில் அந்த நாட்டு அரசின் முதல் நீரளவை நிலையம் அங்கே இயங்கத் தொடங்கியது.

வேலை இதுதான். ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழத்தையும் ஓட்ட வேகத்தையும் அளந்து, விநாடிக்கு எவ்வளவு நீர் போகிறது என்று கணக்கிடுவார்கள். அதே நேரத்தில் கரையில் நட்ட அளவுகோலில் நீர்மட்டத்தைக் குறிப்பார்கள். நீர் குறைந்தபோதும் பெருகியபோதும் இப்படிப் பலமுறை அளந்தால், இந்த மட்டத்துக்கு இவ்வளவு நீர் என்று ஓர் அட்டவணை கிடைத்துவிடும். பிறகு அளவுகோலைப் பார்த்தாலே போதும். வெள்ளம் வந்து ஆற்றுப் படுகை மாறினால் மட்டும் மறுபடி அளந்து திருத்த வேண்டும்.

ஆய்வு முடியும்வரை நிலம் கொடுப்பது பல இடங்களில் தடைப்பட்டதால், நிலம் விற்பவர்களும் மேற்கு மாநில அரசியல்வாதிகளும் கொதித்தெழுந்தார்கள். 1890இல் பாசன ஆய்வுக்கான பணம் நிறுத்தப்பட்டது. 1893இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த பாசன மாநாட்டில், இருக்கிற நிலம் அனைத்துக்கும் பாய்ச்ச ஆறுகளில் தண்ணீர் இல்லை என்று பவல் வெளிப்படையாகச் சொன்னார். கூட்டம் கூச்சலிட்டது. அடுத்த ஆண்டு அவர் பதவி விலகினார். 1902 செப்டம்பர் 23 அன்று தமது 68ஆம் வயதில் காலமானார்.

அவர் சொன்னது பலித்தது

1922இல் கொலராடோ ஆற்று நீரை 7 மாநிலங்களுக்காகப் பங்கிட்டார்கள். அதற்கு அடிப்படையாக வைத்த ஆண்டுகள் வழக்கத்தைவிட நீர் மிகுந்த ஆண்டுகள். அதனால் ஆற்றில் ஓடுவதைவிடக் கூடுதலான நீர் ஏட்டில் பங்காகிவிட்டது. 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றில் முதல்முறையாகத் தட்டுப்பாடு அறிவிக்கப்பட்டு, அரிசோனா விவசாயிகளின் பங்கு வெட்டப்பட்டது. ஓரிரு நல்ல ஆண்டுகளின் அளவை நம்பக் கூடாது, பல ஆண்டுகள் தொடர்ந்து அளக்க வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி. எம்புடோவில் தொடங்கிய பணி இன்று அந்த நாட்டில் 8,000க்கும் மேற்பட்ட நிலையங்களாக வளர்ந்திருக்கிறது.

உங்கள் வாய்க்காலை அளப்பது எப்படி?

எம்புடோவில் பயன்பட்ட மிதவை முறையை நீங்களும் செய்யலாம்.

1. வாய்க்கால் நேராக ஓடும் இடத்தில் 10 மீட்டர் நீளத்துக்கு இரு முனையிலும் குச்சி நடுங்கள்.

2. நீரின் அகலத்தை அளங்கள். குறுக்கே நான்கைந்து இடங்களில் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள்.

3. பாதி நீர் நிரப்பிய சிறு பாட்டிலை முதல் குச்சிக்குச் சற்று மேலே விடுங்கள். ஒரு குச்சியிலிருந்து மறு குச்சிக்குப் போகும் நேரத்தைக் குறியுங்கள். 5 முறை செய்து சராசரி எடுங்கள்.

4. தூரத்தை நேரத்தால் வகுத்து, 0.85ஆல் பெருக்குங்கள். மேல்மட்டத்தைவிட அடியில் ஓட்டம் குறைவு என்பதால் இந்தக் கழிவு.

5. அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்குங்கள்.

உதாரணமாக, அகலம் 1 மீட்டர், ஆழம் 0.4 மீட்டர், பாட்டில் போக 25 விநாடி என்று வைத்துக்கொள்வோம். வேகம் 0.4. கழிவு போக 0.34. மொத்தம் விநாடிக்கு 0.136 கன மீட்டர், அதாவது 136 லிட்டர். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. நீர் நிறுத்த சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். இந்த ஓட்டத்தில் சுமார் 25 நிமிடத்தில் அது வந்துவிடும். வழியில் ஊறிப்போவது இதில் சேராது.

மதகுச் சுவரில் பெயின்ட்டால் சென்டிமீட்டர் கோடு போட்டு, வாரம் ஒருமுறை தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மலையில் பெய்யும் மழையால் காட்டாறு திடீரென்று பெருகும். நீர் கலங்கினாலோ மட்டம் ஏறினாலோ இறங்காதீர்கள்.

எத்தனை ஏக்கர் நடலாம் என்று முடிவு செய்யும்போது, நீர் நிறைந்து ஓடும் மாதத்து அளவைப் பார்க்காதீர்கள். உங்கள் பயிர் கதிர் பிடிக்கும் மாதத்தில் வாய்க்காலில் எவ்வளவு ஓடும் என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அந்த அளவு தாங்கும் ஏக்கருக்கு மட்டும் விதை வாங்குங்கள்.