மிகுந்த பொருளும் மேலான வழியும்
(காந்தியடிகள் வாழ்க்கையிலிருந்து)

பகவான் மகாவீரர் வீடுபேறு அடைந்த தீபாவளித் திருநாளை முன்னிட்டு நம் இல்லங்களைத் தூய்மை செய்யும்போது ஆண்டுதோறும் ஒரு வினா எழுகின்றது. பரண்மேல் கிடக்கும் பித்தளை அண்டாவையும், உடுத்தாத பட்டுப் புடைவையையும், பிள்ளைகள் படித்து முடித்த நூல்களையும் என்ன செய்வது? பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போட்டுக் காசாக்குவதா? இல்லாதார்க்குத் தானமாக வழங்குவதா?

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றின் போக்கில் தோல் தொழில் பரவியுள்ள நம் பகுதியில் இவ்வினாவுடன் மற்றொன்றும் சேர்ந்துகொள்கிறது. அண்டை அயலார் அன்புடன் தந்த தோல் செருப்பும் தோல் பையும் நாம் கேளாமலே நம் வீடுகளுக்குள் வந்துவிடுகின்றன. கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நாம் அவற்றை விற்கலாமா, கொடுக்கலாமா?

இவ்வினாக்களைத் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்டவர் ஒருவர் உண்டு. 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மௌலானா சவுகத் அலியுடன் ஆம்பூருக்கும், 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் கதர்ச் சுற்றுப்பயணத்தின்போது வேலூருக்கும் வந்த காந்தியடிகளே அவர். அப்பெருமகனாரின் வாழ்க்கையை இந்த ஒரு நோக்கில் மட்டும் இங்கே காண்போம்.

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த காந்தியடிகள் வைணவக் குடியினர். எனினும் சமண முனிவர்கள் வந்து செல்லும் இல்லத்தில் வளர்ந்தவர். 1888-ஆம் ஆண்டு அவர் சட்டம் பயில இங்கிலாந்து புறப்பட்டபோது, மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்னும் விரதத்தை அவருக்கு அளித்தவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியே ஆவார். 1891-இல் தாயகம் திரும்பியதும் பம்பாயில் இராய்சந்த்பாய் என்னும் ஸ்ரீமத் ராஜசந்திரரின் நட்பு அவருக்குக் கிட்டியது. முத்தும் வைரமும் விற்கும் கடையில் அமர்ந்திருந்தும் உள்ளத்தால் துறவியாக வாழ்ந்தவர் அவர். பொருளின் நடுவே இருந்துகொண்டே பொருளில் பற்றின்றி வாழ இயலும் என்பதைக் காந்தியடிகள் கண்கூடாகக் கண்டது அவரிடத்திலேயே எனலாம்.

அந்தப் பாடத்திற்குச் சோதனை 1901-ஆம் ஆண்டில் வந்தது. தென்னாப்பிரிக்காவில் தொண்டாற்றிய காந்தியடிகள் குடும்பத்துடன் தாயகம் திரும்ப முனைந்தபோது, நேட்டால் வாழ் இந்தியர்கள் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தனர். கஸ்தூரிபா அம்மையாருக்கென 50 கினி மதிப்புள்ள பொன்னாரம் ஒன்றும் அவற்றுள் இருந்தது. அன்றிரவு காந்தியடிகள் உறங்கவில்லை. பொதுத் தொண்டுக்குக் கூலி பெறுவது தகுமா என்று அறை முழுதும் நடந்து நடந்து எண்ணினார். இறுதியில் அனைத்தையும் சமுதாயத்திற்கே உரிய அறக்கட்டளையாக்கி, பார்சி ருஸ்தம்ஜி முதலானோரை அறங்காவலராக்கும் மடல் ஒன்றை எழுதி முடித்தார்.

பிள்ளைகள் எளிதில் இசைந்தனர். அம்மையார் இசையவில்லை. நாளை வரப்போகும் மருமகள்களுக்கு நகை வேண்டாமா என்று கேட்டார். ஆரம் தமக்குக் கொடுக்கப்பட்டதன்றோ என்றும், கணவர் செய்த தொண்டில் இரவு பகலாக உழைத்த தம் பங்கு இல்லையா என்றும் கண்ணீருடன் வாதாடினார். அவ்வாதத்தில் நியாயம் இருந்ததைக் காந்தியடிகளே உணர்ந்தார். ஆயினும் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. 1896-இலும் 1901-இலும் பெற்ற பரிசுகள் யாவும் அறக்கட்டளையைச் சேர்ந்தன. அம்மையாரின் இசைவைத் தாம் எப்படியோ வருவித்துக் கொண்டதாகப் பின்னாளில் சத்திய சோதனையில் அவர் மறைக்காமல் எழுதினார்.

இந்நிகழ்ச்சியை நாம் இரு வகையாலும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொதுமக்கள் தந்ததைப் பொதுமக்களுக்கே திருப்பியது பேரறம். ஆனால் மனையாள் பெற்ற பொருளைக் கணவர் முடிவு செய்து ஈந்தது தானத்தின் நிறைவுக்கு ஒரு குறையே. கொடுக்கப்படும் பொருள் யாருடையது என்பதே முதல் வினா.

அவ்வினாவைக் காந்தியடிகள் மறந்துவிடவில்லை. 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் அரிசன நிதிக்காக அவர் கேரளத்தின் வடகரைக்குச் சென்றபோது, கௌமுதி என்னும் பதினாறு வயது நங்கை தன் வளையல்களையும் ஆரத்தையும் காதணிகளையும் கழற்றித் தந்தாள். அவற்றை வாங்கிக்கொண்டு காந்தியடிகள் வாளாவிருக்கவில்லை. பெற்றோர் இசைவு உண்டா என்று உசாவினார். தந்தையார் அக்கூட்டத்திலேயே இருக்கின்றார், இசைவும் உண்டு என்பது தெரிந்த பின்னரே மனம் நிறைந்தார். கொடுத்த நகைக்கு ஈடாக வேறு நகை செய்துகொள்ளலாகாது என்றும் அவளிடம் கேட்டுக்கொண்டார். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குவது பற்றை விடுவதாகாது, பற்றைப் புதுப்பிப்பதாகும் என்பதே இதன் கருத்து.

தமக்கு அளிக்கப்பட்ட பொருள்களைக் காந்தியடிகள் தயங்காமல் விற்கவும் செய்தார். வரவேற்பு மடல்களை இட்டுத் தரும் வெள்ளிப் பேழைகளையும் அணிகளையும் அதே மேடையில் ஏலம் கூறுவார். வெள்ளிப் பேழையை ஏழைக்குக் கொடுத்தால் அவனுக்கு அதனால் யாது பயன்? வாங்க வல்லாரிடம் விற்று அப்பணத்தை இல்லாதாரிடம் சேர்ப்பதே அதற்குரிய வழி. ஆகவே விற்பது தாழ்ந்தது, கொடுப்பது உயர்ந்தது என்று பொதுவாகக் கூறிவிட இயலாது. விற்ற காசு யார் கைக்குச் செல்கிறது என்பதே கருதத்தக்கது.

பொருளையே கொடுக்கும் இடமும் உண்டு. 1933-ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தைக் கலைத்தபோது, நிலத்தையும் கட்டடங்களையும் அரசே ஏற்கலாம் என்று முதலில் தெரிவித்தார். அரசு ஏற்காமையால் அவை அரிசன சேவா சங்கத்தைச் சேர்ந்தன. ஆசிரமத்து நூல்கள் அகமதாபாத் நகர மக்களின் பயன்பாட்டுக்கு அளிக்கப்பட்டன. ஒவ்வொரு பொருளும் அதனால் பயன் பெறுவோரைத் தேடிச் சென்றது. நம் ஆகமங்கள் கூறும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தின் சாயலை இந்நூற்கொடையில் நாம் காணலாம்.

இனி, நம் பகுதிக்கே உரிய கடினமான வினாவுக்கு வருவோம். நாம் தீது என்று விலக்கிய பொருளைப் பிறர்க்குக் கொடுக்கலாமா?

1921-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் பம்பாயில் அயல்நாட்டுத் துணிகள் மலைபோல் குவிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. காந்தியடிகளின் நெருங்கிய நண்பர் சி. எஃப். ஆண்ட்ரூஸ் இதனால் மிகவும் வருந்தினார். உடுக்கத் துணியின்றி மக்கள் வாடும் நாட்டில் நல்ல துணியை நெருப்பிலிடுவது தகுமோ என்று வினவினார். கவியரசர் தாகூரும் இதனை ஏற்கவில்லை. காந்தியடிகளோ, நாம் உடுத்தத் தகாதது என்று தள்ளியதை ஏழைக்குக் கொடுப்பது அவனை இழிவுபடுத்துவதாகும் என்று கருதினார். நாட்டுக்கு வெளியே பயன்படுமாறு அனுப்பிவிடவும் காங்கிரஸ் இடமளித்திருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில் தம் சட்டையையும் துறந்து அரையாடை பூண்டார்.

எரிப்பதில் நமக்கு உடன்பாடு இல்லை. தீயில் எண்ணற்ற சிற்றுயிர்கள் மாய்வதை அறிந்த நாம் ஆண்ட்ரூஸ் பக்கமே நிற்போம். ஆயினும் காந்தியடிகளின் கருத்தில் உள்ள கூர்மையை ஒதுக்க இயலாது. கிழிந்த சேலையையும் உடைந்த நாற்காலியையும் கொடுத்துவிட்டுத் தானம் செய்ததாக மகிழ்வோமாயின், அது குப்பையைப் பிறர் வீட்டு வாசலில் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

தோலைப் பற்றியும் காந்தியடிகள் நெடுக எண்ணியவர். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்கிடம் செருப்புத் தைக்கக் கற்றார். சிறையில் தம் கையால் செய்த செருப்பு ஒன்றை, தம்மைச் சிறையிலிட்ட தளபதி ஸ்மட்ஸ் அவர்களுக்கே 1914-இல் பரிசளித்தார். ஸ்மட்ஸ் அதனைப் பல ஆண்டுகள் அணிந்தபின் 1939-இல் காந்தியடிகளின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி அன்புடன் திருப்பி அனுப்பினார். பிற்காலத்தில், கொன்ற விலங்கின் தோலை விலக்கி, தானே இறந்த கால்நடையின் தோலையே கொள்ளல் வேண்டும் என்னும் நெறியைக் காந்தியடிகள் வற்புறுத்தினார். நம் நெறி இன்னும் நுண்ணியதாயினும், பொருள் எவ்வாறு வந்தது என்று கேட்கும் பழக்கம் நமக்கும் அவர்க்கும் பொதுவானது.

1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் அடிகள் மறைந்தபோது அவர் விட்டுச் சென்ற உடைமைகள் மிகச் சிலவே. அவர் பயன்படுத்திய கண்ணாடி, செருப்பு, கடிகாரம், தட்டு, கிண்ணம் ஆகியவை 2009-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நியூயார்க்கில் 18 இலட்சம் டாலருக்கு ஏலம் போயின. வாங்கியவர் மதுத் தொழிலதிபர் ஒருவர். வாழ்நாளெல்லாம் மதுவை எதிர்த்தவரின் பொருள் மது விற்ற பணத்தால் மீண்டது காலத்தின் விந்தை.

இவ்வாழ்க்கையினின்று நாம் பெறும் முடிபு இது. பரணைத் திறக்குமுன் வீட்டார் அனைவரையும் கலந்து பேசுதல் வேண்டும். குறிப்பாக, மாமியாரின் அண்டாவும் மருமகளின் சீர்ப்பொருளும் அவரவர் சொல்லின்றி வெளியேறலாகாது. விலை மிகுந்து பயன் குறைந்ததை விற்று, அப்பணத்தை அறத்திற்கு ஆக்கலாம். நல்ல நிலையில் உள்ள துணியும் பாத்திரமும் நூலும் வேண்டுவோர் கையில் நேரே சேரட்டும். பழுதுற்றதைப் பழுது என்று சொல்லியே எடைக்குப் போடுவோம்.

தோல் பொருளை விற்று நாம் ஊதியம் காண்பது கொலையின் பயனில் பங்கு பெறுவதாகும் என்பதே நம் எண்ணம். வெறுங்காலுடன் நடக்கும் ஒருவர் விரும்பிக் கேட்பாராயின் அச்செருப்பைக் கொடுத்துவிடலாம். அவருக்கு அது தீட்டன்று, தேவை. ஆனால் அதனைத் தானக் கணக்கில் எழுதவேண்டா. அடுத்த முறை அன்பர் ஒருவர் அத்தகைய பரிசை நீட்டும்போது, அவர் மனம் நோகாமல் நம் விரதத்தைச் சொல்லி மறுக்கும் துணிவே உண்மையான தானத்தின் தொடக்கமாகும். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் பரணைக் காலி செய்வதில் தொடங்குவதன்று. பரண் நிறையாமல் காப்பதில் தொடங்குவது.

வளர்க அறம்! வெல்க அகிம்சை!