பூஞ்சணத்தில் மருந்து கண்டவர்

ஜோகிச்சி தக்கமினே 1854இல் யப்பானில் பிறந்தார். தகப்பன் வைத்தியர். தாயின் பகுதியார் அரிசியில் சாக்கே என்ற மது செய்கிறவர்கள். அவித்த அரிசியில் கோஜி என்ற பூஞ்சணத்தை வளர்ப்பார்கள். அதில் சுரக்கும் நொதியம் மாப்பொருளைச் சீனியாக்கும். அதற்குப் பிறகுதான் அது மதுவாகும்.

தோக்கியோவிலும் கிளாஸ்கோவிலும் படித்த தக்கமினே, 1890இல் மனைவி பிள்ளைகளோடு அமெரிக்கா போனார். விஸ்கி செய்ய முளைப்பார்லிக்குப் பதிலாகக் கோஜியைப் பாவிக்கலாம் என்று காட்டினார். முளைப்பார்லி விற்கிற முதலாளிமார் சும்மா விடுவார்களா? பலத்த எதிர்ப்பு. 1891இல் பியோரியா நகரில் இருந்த அவருடைய ஆலையும் எரிந்துபோனது. ஈரல் வருத்தம் வேறு வந்து படுத்தார்.

மனுசன் சோர்ந்துபோகவில்லை. கோதுமைத் தவிட்டில் அதே பூஞ்சணத்தை வளர்த்து, நொதியத்தைப் பிரித்தெடுத்து, 1894இல் காப்புரிமை பெற்றார். பார்க் டேவிஸ் கம்பனி அதைத் தாக்கா டயஸ்டேஸ் என்ற பெயரில் விற்றது. மாச்சாப்பாடு செமிக்காமல் கஷ்டப்பட்டவர்களுக்கு அது மருந்தானது. 1900இல் உதவியாளர் உவெனக்காவோடு சேர்ந்து அட்ரினலினையும் பிரித்தெடுத்தார். 1912இல் வாசிங்டனுக்கு வந்த சுமார் 3000 செரி மரங்களுக்குப் பின்னாலும் அவருடைய முயற்சி இருந்தது.

1922இல் நியூயோர்க்கில் கண்மூடினார். முப்பது வருசத்துக்கு மேல் அங்கே வாழ்ந்தும் அவர் அமெரிக்கக் குடிமகன் இல்லை. யப்பானிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க அன்றைய சட்டம் இடம் தரவில்லை. மருந்தை ஏற்ற நாடு ஆளை ஏற்கவில்லை.

பூஞ்சணத்தில் எடுக்கும் டயஸ்டேஸ் இன்றும் சமிபாட்டு மருந்துகளில் இருக்கிறது. தாய்வீட்டுக் கைப்பழக்கம்தானே என்று எதையும் லேசாக நினைக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகளும் இதை அறிந்து வைத்திருக்கட்டும்.