ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் ஆசான்

மாலை வேளையில் நம் எலெக்ட்ரானிக் சிட்டியின் தெருக்களில் நடந்து சென்றிருப்பீர்கள், நண்பர்களே! தேநீர்க் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில், வண்ண வண்ண எழுத்துகளில் ஒரு பெயர்ப்பலகை கண்ணிற் படாமற் போகாது. மாண்டிசோரி என்று அதில் எழுதியிருக்கும். கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்ற சிற்றூர்களின் நிலத்தில் 1978-ஆம் ஆண்டிலே கால்கொண்டது இந்தத் தொழில் நகரம். இன்று வேலை தேடி வந்த இளங்குடும்பங்கள் இங்கே பெருகிவிட்டன. குடும்பம் பெருகக் குழந்தைப் பள்ளிகளும் பெருகின. பள்ளி பெருக அந்தப் பெயரும் பெருகிற்று.

மாண்டிசோரி என்றால் என்ன? ஓர் ஊரின் பெயரா? விளையாட்டுச் சாமானா? கட்டணம் மிகுந்த பள்ளிக்குச் சூட்டும் அழகுப் பட்டமா? அல்ல, அது ஓர் அம்மையாரின் பெயர். பட்டாடை உடுத்த பிள்ளைகளால் உலகுக்குத் தெரியவந்த பெயரும் அன்று. மனநோய் விடுதியின் வெற்று அறையில், எதற்கும் உதவார் என்று அடைத்துவைக்கப்பட்டிருந்த பிள்ளைகளே அந்தப் பெயருக்கு முதற் புகழைத் தேடித் தந்தவர்கள். இதை அறிந்தோர் சிலர், மறந்தோர் பலர். மறந்த அந்தக் கதையை மாணவராகிய நாம் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நலம்.

இத்தாலி நாட்டின் சியாரவாலே என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மரியா மாண்டிசோரி பிறந்தார். தந்தையார் அரசு அலுவலர், பழமையில் ஊறியவர். தாயார் நூல் பல கற்றவர். மகளும் கற்க வேண்டும் என்ற ஆசை நிறைந்தவர். பெண்ணுக்கு ஆசிரியர் வேலை போதும் என்று தந்தை எண்ணினார். மகளோ முதலில் பொறியியலை விரும்பினார். பின்பு மருத்துவமே என் வழி என்று துணிந்தார்.

அக்காலத்து உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயில ஒரு பெண் வருவது எளிய செய்தியா? உடன் பயின்ற ஆடவர் ஏளனம் செய்தனர். ஆண்களும் பெண்ணும் சேர்ந்திருந்து பிணத்தை அறுத்துப் பார்ப்பது முறையன்று என்று கருதிய காலம் அது. ஆகவே மற்றவர் யாவரும் வீடு சென்ற பிறகு, அந்த அறையிலே தன்னந்தனியாக நின்று அவர் உடற்கூறு கற்றார். 1896-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். இத்தாலியில் மருத்துவராகிய முதற் பெண்டிர் ஒரு சிலருள் அவரும் ஒருவர்.

பட்டம் பெற்றவர் பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பகுதியில் பணி ஏற்றார். நோயாளிகளைத் தேடி உரோமையின் மனநோய் விடுதிகளுக்குச் செல்வது அவருடைய வேலை. அங்கேதான் அந்தக் காட்சியைக் கண்டார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள், பித்துற்ற பெரியவர்களோடு சேர்த்து அடைக்கப்பட்டிருந்தனர். பள்ளி அவர்களை ஏற்கவில்லை, வீடும் வைத்துக்கொள்ளவில்லை, சிறைபோன்ற அறைதான் ஏற்றுக்கொண்டது. அவர்களைக் கவனித்துவந்த பெண் மருத்துவரிடம் அருவருப்போடு ஒன்று சொன்னாள்: உணவு முடிந்ததும் இந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்து, சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்களாம்.

கேட்டவர் வேறொருவராக இருந்தால், பேராசை என்று எண்ணிப் போயிருப்பார். அம்மையார் அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர்கள், வெறுந்தரை. பிடித்து விளையாட ஒரு மரக்கட்டைகூட இல்லை. அப்போது அவருக்கு உண்மை விளங்கிற்று. பசித்திருந்தது வயிறு அன்று, கைகள்! தொட, உருட்ட, எடுத்துவைக்க ஏதேனும் ஒரு பொருள் வேண்டி அந்தப் பிஞ்சுக் கைகள் தவித்தன. அவர்களுக்கு வேண்டியது மருந்தினும் மேலாகக் கல்வி என்ற எண்ணம் அன்று அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

எண்ணம் பிறந்தால் போதுமா? வழி தெரிய வேண்டுமே! அவர் நூலகங்களைத் துருவினார். பிரெஞ்சு நாட்டவர் இருவரின் நூல்கள் கிடைத்தன. ஒருவர் இட்டார் என்னும் மருத்துவர். காட்டில் தனித்துத் திரிந்து, பேச்சறியாது பிடிபட்ட ஒரு சிறுவனுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் பொறுமையுடன் கற்பித்துப் பார்த்தவர். மற்றவர் அவருடைய மாணவர் செகான். முதலில் உடல், பிறகு புலன்கள், அவற்றின் வழியே அறிவு என்று படிப்படியாக ஏறும் முறை ஒன்றை வகுத்தவர். அந்நூல்களை அம்மையார் மேலோட்டமாகப் படித்துவிட்டு மூடிவிடவில்லை; முழுவதையும் இத்தாலிய மொழியில் தம் கையாலேயே பெயர்த்து எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்ப்பதற்காகவே அவ்வாறு செய்தார்.

1900-ஆம் ஆண்டில், இத்தகைய பிள்ளைகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்று உரோமையில் தொடங்கப்பெற்றது. மாண்டிசோரியும் மாண்டிசானோ என்ற மருத்துவரும் அதன் தலைமையை ஏற்றனர். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை அம்மையார் பிள்ளைகளோடு இருந்தார். பகலெல்லாம் கற்பித்தார்; கண்டதை யெல்லாம் குறித்துவைத்தார்.

அவர் கண்டறிந்தவற்றுள் ஒன்றைக் கேளுங்கள். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தையல் கற்பிக்க முயன்றனர். கையில் வலுவுண்டு, ஆயினும் ஊசியைத் துணியில் ஏற்றி இறக்க அவளால் இயலவில்லை. அம்மையார் ஊசியை வாங்கி வைத்துவிட்டார். தாள் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துப் பாய்போல் பின்னும் வேலையைக் கொடுத்தார். சிறுமி அதில் தேர்ந்தாள். பிறகு ஊசியைக் கொடுத்தார். தையல் தானே வந்தது! மேலே ஏற்றிக் கீழே இறக்கும் அசைவு இரண்டுக்கும் ஒன்றுதான். கற்பிக்கும் முன்பே கையைப் பக்குவப்படுத்திவிட்டால், கல்வி சுமையாகாது என்பதை இச்சிறு நிகழ்ச்சி காட்டிற்று. எழுத்துக்கும் அதுவே வழியாயிற்று. மரத்திலே எழுத்துகளைச் செய்வித்து, விரலால் தடவச் செய்தார். கண் கண்டது, விரல் உணர்ந்தது, செவி ஒலியைக் கேட்டது. மூன்று வாயிலாலும் எழுத்து உள்ளே புகுந்தது.

முடிவு என்ன? அப்பிள்ளைகளுள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்றுப் பொதுப் பள்ளித் தேர்வை எழுதினர். குறையற்ற பிள்ளைகளோடு ஒப்பத் தேறினர். ஊர் வியந்தது, இதழ்கள் பாராட்டின. அம்மையாரோ புகழில் மயங்கவில்லை. அவர் வேறொன்றை எண்ணிக் கவலையுற்றார். இத்தனை இடர்ப்பாடுள்ள பிள்ளைகள் இவ்வளவு தூரம் வர முடியுமாயின், இடர்ப்பாடற்ற பிள்ளைகள் ஏன் அதே இடத்தில் நின்றுவிட்டார்கள்? நம் பள்ளிகள் அவர்களை என்ன செய்துகொண்டிருக்கின்றன? இந்தக் கேள்விதான் அவரைப் புதிய பாதையில் செலுத்திற்று.

இங்கே அவர் வாழ்வின் துயரமான ஒரு பக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. மாண்டிசானோவுக்கும் அவருக்கும் இடையே அன்பு மலர்ந்தது, திருமணம் நிகழவில்லை. 1898-இல் மரியோ என்ற மகன் பிறந்தான். மணமாகாத தாய் மருத்துவராகவும் ஆசிரியராகவும் வாழ அக்காலச் சமூகம் இடந்தராது. பிள்ளை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளர்ந்தான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தாயானவர், தம் பிள்ளையைத் தம் பிள்ளை என்று சொல்ல இயலாது தவித்தார். 1901-இல் மாண்டிசானோ வேறொரு பெண்ணை மணந்தார். அவ்வாண்டிலேயே அம்மையார் அந்தப் பள்ளியை விட்டு விலகினார்.

1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள். உரோமையில் சான் லொரென்சோ என்ற ஏழைமக்கள் பகுதி. அங்கே கட்டடங்களைச் செப்பனிட்ட நிறுவனத்தார், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் சுவர்களைப் பாழாக்காதிருக்க ஓர் ஏற்பாடு செய்யுமாறு வேண்டினர். சுவரைக் காக்க அழைத்தார்கள். அம்மையார் பிள்ளைகளைக் காத்தார்! குழந்தைகள் இல்லம் என்று பெயரிட்டு, ஏறத்தாழ ஐம்பது சிறார்களைச் சேர்த்து, ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடம் தாம் கற்ற முறையை இவர்களுக்கு அளித்தார். மர எழுத்துச் செய்விக்கப் பணமில்லை. உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். இன்று நம் தெருப் பள்ளிகளில் காணும் சொரசொரப்பான எழுத்தட்டை அந்த வறுமையில் பிறந்ததே. நான்கைந்து வயதுக் குழந்தைகள் தாமாகவே எழுதத் தொடங்கின. 1909-இல் அவர் நூல் வெளிவந்தது. சில ஆண்டுகளில் உலகெங்கும் அவர் பெயர் பரவியது. தாயார் மறைந்தபின் மரியோவும் அவரிடம் வந்து சேர்ந்தார், பணியில் வலக்கையானார்.

முசோலினியின் ஆட்சி முதலில் அவரை ஆதரித்தது. அவரும் அவ்வாதரவை ஏற்றார். பிள்ளைகளைப் போருக்கு ஏற்ற கருவிகளாக்க அவ்வாட்சி முனைந்தபோது உறவு முறிந்தது. 1934-இல் அவர் இத்தாலியை விட்டு நீங்கினார். இசுபெயினில் வாழ்ந்தார், 1936-இல் அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆலந்து நாடு புகலிடமாயிற்று.

இனி வருவது நம் தமிழ் மண்ணின் கதை. அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும், அவர் துணைவியாரும் கலாக்ஷேத்திரம் கண்டவருமான ருக்மிணி தேவியும் அழைக்க, 1939-ஆம் ஆண்டு நவம்பரில் தாயும் மகனும் சென்னைக்கு வந்தனர். அம்மையாருக்கு அப்போது வயது 69. அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. முந்நூறுக்கு மேற்பட்டோர் கூடினர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

1940-இல் இத்தாலி போரிற் குதித்தது. இருவரும் பகைநாட்டார் ஆகிவிட்டனர்! மரியோவைக் காவலில் வைத்தது ஆங்கில அரசு. அம்மையாரை அடையாற்று எல்லைக்குள் நிறுத்தியது. ஆகஸ்டு 31-ஆம் நாள் அவருக்கு எழுபது நிறைந்தபோது, பிறந்தநாட் பரிசாக மரியோ விடுதலை பெற்றுத் தாயிடம் வந்தார். 1942 முதல் இரண்டாண்டுகள் கொடைக்கானல் மலையில் இருந்தார். மரமும் பூச்சியும் மேகமும் பாடநூல்களாக, சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குரிய கல்வியை அங்கே உருவாக்கினார். 1946-இல் ஐரோப்பா சென்று, மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து, 1949 வரை பணியாற்றினார். இந்நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர். 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஆலந்தில் அவர் உயிர் பிரிந்தது. தம் விருப்ப ஆவணத்தில் மரியோவை மகன் என்றே எழுதிவைத்துச் சென்றார்.

நண்பர்களே, இவ்வாழ்க்கையில் நாம் கற்க வேண்டியது யாது? ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடம் பிறந்த கல்விமுறை, மற்றப் பிள்ளைகளிடம் சென்று புகழ் பெற்றது. பெற்றது நன்று. ஆனால் பிறந்த வீட்டை மறந்துவிட்டது. அம்மையாரே 1901-க்குப் பிறகு அத்தகைய பள்ளி ஒன்றை ஏற்று நடத்தவில்லை. அதை ஒரு குறையென்றே சொல்லலாம். எனினும் திரும்பி வரும் வழி அடைபட்டுவிடவில்லை. செருமனியின் மியூனிக் நகரில் ஹெல்புரூகே என்னும் குழந்தை மருத்துவர் 1968-இல் தொடங்கிய நிலையத்தைச் சார்ந்து, குறைபாடுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இம்முறையிற் பயின்றனர், ஒருவருக்கொருவர் துணையாயினர்.

நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட அளவு குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. மகிழத்தக்கது. ஆனால் ஆறு வயதுக்கு முன்? கை பக்குவப்படுவதும் நாவு பழகுவதும் அந்த முதல் ஆண்டுகளில் அன்றோ! குழந்தைகள் இல்லத்திற்கு வந்தவர்கள் ஆறு வயது நிறையக் காத்திருந்தவர்களா? பேச்சுத் தாமதமான மூன்று வயதுப் பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு ஒரு தாய் வந்தால், அம்மையாரின் பெயரைத் தாங்கிய பலகைக்குக் கீழுள்ள கதவு திறக்குமா? திறக்க வேண்டும். மனமிருந்தும் முறை தெரியாத பள்ளிக்கு வழிகாட்டவும் ஆளுண்டு. இந்நகரிலிருந்து பெங்களூருக்குள் செல்லும் ஒசூர்ச் சாலையிலேயே நிம்மான்ஸ் நிலையம் இருக்கிறது. அங்கே குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதியும் உண்டு.

நாளை நாம் பொறியாளர் ஆவோம், பெற்றோரும் ஆவோம். நம் குழந்தையைச் சேர்க்கப் பள்ளி வாயிலில் நிற்கும்போது, கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் வேறொரு கேள்வியைக் கேட்போம். மெதுவாக நடக்கும் பிள்ளைக்கும், பேசாத பிள்ளைக்கும் இங்கே இடமுண்டா என்று கேட்போம். கேட்பவர் பெருகினால் கதவுகள் திறக்கும். அன்று வெறுந்தரையில் ரொட்டித் துணுக்கைத் தேடிய அந்தக் கைகளுக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீரும்.