நாய்க்கடி ஊசி எப்படி வந்தது? டாக்டருக்குப் படிக்காத லூயி பாஸ்டரின் கதை

செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினம். ஏன் இந்தத் தேதி என்று யோசித்ததுண்டா? 1895-ல் இதே நாளில்தான் லூயி பாஸ்டர் காலமானார். பால் பாக்கெட்டில் பாஸ்டரைஸ்டு என்று அச்சடித்திருப்பது அவர் பெயரால் வந்ததுதான்.

நாய் கடிச்சா உடனே ஊசி போட்டுக்கணும் என்பது இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1885-க்கு முன்னால் அப்படி ஒரு ஊசியே கிடையாது. அதைக் கொண்டுவந்தவர் டாக்டரும் கிடையாது, ஒரு வேதியியல் ஆசிரியர்.

தோல் பதனிடுபவரின் மகன்

பாஸ்டர் பிறந்தது 1822 டிசம்பர் 27-ல், பிரான்ஸின் டோல் என்ற ஊரில். அப்பா நெப்போலியன் படையில் சிப்பாயாக இருந்துவிட்டு, அப்புறம் தோல் பதனிடும் தொழில் செய்தவர். குடும்பம் ஆர்புவா என்ற சிற்றூரில் குடியேறியது.

1831-ல், அதாவது பாஸ்டருக்கு 8 வயது இருக்கும்போது, அந்தப் பக்கத்தில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று பலரைக் கடித்தது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கூட்டிப்போய், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தில் சூடு வைத்தார்கள். அன்றைக்கு இருந்த வைத்தியம் அதுதான். சூடு வாங்கியும் பலர் பிழைக்கவில்லை.

பாஸ்டர் பாரிஸுக்குப் போய்ப் படித்து, 1848-ல் படிகங்கள் பற்றிய ஆய்வால் பெயர் வாங்கினார். பிறகு திராட்சை மதுவும் பாலும் ஏன் புளிக்கின்றன என்று ஆராய்ந்து, அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்று காட்டினார். அவற்றை அளவாகச் சூடுபடுத்தினால் கெடாது என்றும் கண்டுபிடித்தார். பட்டுப்புழு நோய்க்கும் வழி சொன்னார்.

வீட்டில் நிலைமை வேறு. ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். 1868-ல் 45 வயதில் அவருக்கே பக்கவாதம் வந்து, இடது பக்கம் பாதிக்கப்பட்டது. அதன்பின் இழுத்து இழுத்துத்தான் நடந்தார். ஆனாலும் ஆய்வுக்கூடத்தை விடவில்லை.

பார்க்க முடியாத எதிரி

கிருமியை வலுவிழக்கச் செய்து உடம்பில் செலுத்தினால், அதே நோயைத் தடுக்கலாம் என்பதைக் கோழிக் காலராவில் பாஸ்டர் கண்டார். 1881-ல் ஆடு மாடுகளை அடைப்பான் நோயிலிருந்து காப்பாற்றி, ஊரறியக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டே வெறிநாய்க்கடி ஆய்வையும் கையில் எடுத்திருந்தார்.

இதில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. எத்தனை முறை நுண்நோக்கியில் பார்த்தும் அந்தக் கிருமி தெரியவே இல்லை. அது வைரஸ். அன்றைய நுண்நோக்கிக்கு எட்டாத அளவு சிறியது.

அவரும் உதவியாளர் எமில் ரூவும் வேறு வழி பிடித்தார்கள். நோய் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது என்பது தெரியும். எனவே முயலுக்கு நோயைக் கொடுத்து, அதன் தண்டுவடத்தை எடுத்து, ஈரம் இல்லாத கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். நாள் ஆக ஆக அதன் வீரியம் குறைந்தது. சுமார் இரண்டு வாரத்தில் நோய் உண்டாக்கும் சக்தியே போய்விட்டது.

இன்னொரு விஷயமும் கைகொடுத்தது. கடித்த இடத்திலிருந்து இந்தக் கிருமி நரம்பு வழியாக மெதுவாகத்தான் மூளைக்குப் போகும். பெரும்பாலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உருவாக்கிவிட்டால் நோயை முந்திவிடலாம். கடிபட்ட பிறகு போட்டாலும் ஊசி வேலை செய்வதன் ரகசியம் இதுதான்.

அந்த ஜூலை மாதம்

1885 ஜூலை 6. அல்சாஸ் பகுதியிலிருந்து ஒரு தாய் தன் 9 வயது மகன் ஜோசப் மெய்ஸ்டரைக் கூட்டிக்கொண்டு பாரிஸ் வந்து சேர்ந்தார். இரண்டு நாளுக்கு முன் அவனை நாய் கடித்திருந்தது. உடம்பில் 14 இடத்தில் காயம்.

பாஸ்டருக்கு இது லேசான முடிவு இல்லை. வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டாலே பையன் பிழைக்கலாம். சிகிச்சையிலோ கடைசி ஊசிகளில் முழு வீரியமுள்ள கிருமி இருக்கும். கணக்கு தப்பினால் நாய் செய்யாததை ஊசியே செய்துவிடும். மறுபக்கம், நோய் வந்துவிட்டால் மரணம் நிச்சயம். வைத்தியம் பார்க்க அவருக்குச் சட்டப்படி உரிமையும் கிடையாது.

வுல்பியன், கிரான்ஷே என்ற இரண்டு மருத்துவர்கள் பையனைப் பார்த்துவிட்டு, சிகிச்சை கொடுக்கலாம் என்றார்கள். ஊசி போட்டவர் கிரான்ஷே. 10 நாளில் 13 ஊசிகள். முதலில் நன்றாக உலர்ந்தது, கடைசியில் புத்தம் புதியது. மெய்ஸ்டர் பிழைத்துக்கொண்டான். பிற்காலத்தில் பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தார்.

புகழும் கேள்விகளும்

அதே ஆண்டு அக்டோபரில் ஜூப்பில் என்ற 15 வயது ஆடு மேய்க்கும் பையனும் சிகிச்சை பெற்றுப் பிழைத்தான். சேதி பரவியது, கூட்டம் குவிந்தது. நவம்பரில் 10 வயது சிறுமி ஒருத்தி வந்தாள். கடிபட்டு ஒரு மாதத்துக்கும் மேல் ஆகியிருந்தது. பாஸ்டர் மறுக்க மனமில்லாமல் சிகிச்சை கொடுத்தார், ஆனால் அவள் இறந்துபோனாள். 1886-ல் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியிலிருந்து, ஓநாய் கடித்த 19 பேர் வந்தார்கள். 3 பேர் இறந்தார்கள், 16 பேர் பிழைத்தார்கள். தாமதம் எவ்வளவு ஆபத்து என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பாஸ்டர் மீது விமர்சனமும் உண்டு. மனிதருக்குப் போட இன்னும் நேரம் வரவில்லை என்று நினைத்தவர்களில் ரூவும் ஒருவர். பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகள் அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்தே ஆய்வாளர்கள் கைக்கு வந்தன. மெய்ஸ்டருக்குக் கையாண்ட அதே முறையை நாய்களிடம் முழுசாகச் சோதித்து முடிக்கும் முன்பே அவர் இறங்கிவிட்டார் என்பதை அந்தக் குறிப்பேடுகள் காட்டின. வெளியே அவர் சொன்ன கணக்கு அப்படி இல்லை. இன்றைய மருத்துவ ஆய்வு விதிகள் இதை அனுமதிக்காது. அதே சமயம், அந்தச் சிகிச்சையால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம் என்பதும் உண்மை.

குன்னூர் வரை

பொதுமக்கள் கொடுத்த நன்கொடையில் 1888-ல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. இந்தியாவில் 1900-ல் கசௌலியிலும், 1907-ல் நம்ம நீலகிரி மாவட்டம் குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனங்கள் வந்தன. கசௌலியில் டேவிட் செம்பிள் ஆட்டு மூளையிலிருந்து ஒரு தடுப்பூசியை உருவாக்கினார். பெரியவர்கள் சொல்லிப் பயமுறுத்தும் தொப்புளைச் சுற்றி 14 ஊசி அதுதான். பக்கவிளைவுகள் காரணமாக 2000-களின் மத்தியில் இந்தியா அதைக் கைவிட்டது.

இப்போ நாய் கடிச்சா என்ன செய்யணும்?

* காயத்தை உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சோப்பு இந்த வைரஸை அழிக்கும்.
* சூடு வைப்பது, சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் வைப்பது எதுவும் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது.
* அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஊசி இலவசம்.
* ஊசி இப்போது தோலில் அல்லது கையின் மேல்பகுதியில்தான், தொப்புளில் இல்லை. தோலில் போட்டால் முதல் நாள், அப்புறம் 3, 7, 28-வது நாட்கள். தசையில் போட்டால் 14-வது நாளும் சேரும்.
* ரத்தம் வரும் அளவுக்குக் கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. தடுப்பூசி வேலையைத் தொடங்கச் சில நாள் ஆகும், அதுவரை காப்பது இதுதான்.
* வீட்டு நாய், குட்டி நாய், சின்னக் கீறல் என்று விட்டுவிடக் கூடாது. நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்கவும் கூடாது.

தண்ணீரைக் கண்டால் பயம் போன்ற அறிகுறி வந்துவிட்டால், காப்பாற்ற இன்றைக்கும் மருந்து கிடையாது. பாஸ்டர் காலத்தில் பாரிஸ் போய்ச் சேரவே பலருக்கு வாரங்கள் ஆயின. இன்று ஊசி பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. முதல் ஊசி போட்டதும் வலி போயிடுச்சே என்று மீதியைத் தவறவிடாமல், கடைசி ஊசி வரை போட்டு முடிப்பதுதான் முக்கியம்.