பிடி அரிசியும் பெருந்தலைவரும்

விருதுநகர், முன்னாளில் விருதுபட்டி என்னும் பெயரால் வழங்கிற்று. கரிசல் நிலம் சூழ்ந்த ஊர் அது. மழை பொய்த்தால் வயலும் பொய்க்கும். ஆதலின் அங்கு வாழ்ந்த மக்களுள் பலர் வாணிகத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர். பருத்தியும் மிளகாய் வற்றலும் எண்ணெயும் நாள்தோறும் அவ்வூர்ச் சந்தைக்கு வந்து குவிந்தன. கணக்கறிந்த வணிகர் கல்வியின் பயனையும் அறிந்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியை அவர்கள் நிறுவினர். அதனைப் புரக்க அவர்கள் கண்ட வழி எளியது. இல்லத்தரசியர் நாள்தோறும் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். வீடுதோறும் சேர்ந்த அவ்வரிசியைத் திரட்டிப் பொருளாக்கிப் பள்ளிக்குச் செலவிடுவர். இவ்வாறு ஊரார் அளித்த பிடி அரிசியால் வளர்ந்த பள்ளியிலே பயின்ற சிறுவர்களுள் ஒருவரே பிற்காலத்தில் தமிழகத்தின் முதலமைச்சராய் விளங்கிய காமராசர்.

அவர் 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் பிறந்தார். தந்தையார் தேங்காய் வாணிகம் செய்த குமாரசாமி. தாயார் சிவகாமி அம்மையார். அக்கால வழக்கப்படி அவரை முதலில் ஒரு திண்ணைப் பள்ளியிற் சேர்த்தனர். வேலாயுதம் என்பார் அங்கு ஆசிரியராய் இருந்தார்.

அந்நாளைத் திண்ணைப் பள்ளி ஆசிரியரின் நிலையை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் அரிது. அவர்க்குத் திங்கள்தோறும் முறையாக வரும் ஊதியம் இல்லை. மாணாக்கரின் பெற்றோர் அளிக்கும் சில காசுகளும், நெல்லும், நோன்பு நாளில் வரும் கையுறையுமே அவர்தம் வாழ்வுக்கு ஊன்றுகோல். கையில் பிரம்பேந்திய ஆசிரியரைக் கண்டு சிறுவர் நடுங்குவர். ஆயினும், தம் வீட்டு நெல்லையே அவர் எதிர்நோக்கி இருப்பதும் அச்சிறுவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. அஞ்சத்தக்கவராகவும் இரங்கத்தக்கவராகவும் ஒருவரே இருந்தமை அக்காலப் பள்ளியின் விந்தை.

பின்னர்க் காமராசர் சத்திரிய வித்தியாசாலையிற் சேர்ந்தார். அவருடைய பள்ளிப் பருவத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைக் கூறுவர். விநாயக சதுர்த்தி விழாவுக்கு மாணாக்கர் யாவரும் காசு கொடுத்திருந்தனர். பூசை முடிந்ததும் சுண்டலும் பொரியும் பழமும் வழங்கப்பட்டன. சிறுவர் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு முந்தினர். காமராசரோ ஒதுங்கி நின்றார். இறுதியில் எஞ்சிய சிறு பங்கே அவர்க்குக் கிடைத்தது. வீட்டிற்குச் சென்றபோது, பங்கு குறைந்த காரணத்தைப் பாட்டியார் வினவினார். தாமும் மற்றவரைப் போலவே காசு கொடுத்ததாகவும், ஆகவே முண்டியடிக்காமலே தமக்குரிய பங்கு வந்திருத்தல் வேண்டும் என்றும், முறையாகப் பகிர்ந்தளிக்காதது வழங்கியவர் பிழையே என்றும் சிறுவர் விடையிறுத்தாராம். ஆசிரியர் கையில் உள்ள துலாக்கோல் எப்பக்கம் சாய்கிறது என்பதை மாணாக்கர் கண்கள் கூர்ந்து நோக்கிக்கொண்டே இருக்கின்றன என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க சான்றாகும்.

காமராசர் ஏறத்தாழ ஆறு வயதினராய் இருந்தபோதே தந்தையார் இறந்துவிட்டார். குடும்பம் வறுமையுற்றது. அன்னையார் தம் நகைகளை விற்று, அத்தொகையை ஒரு வணிகரிடம் கொடுத்து, அதனால் வரும் வட்டியைக் கொண்டு மக்களை வளர்த்தார். பள்ளியிற் கட்டணம் இல்லை. எனினும் வீட்டில் உணவுக்கு வழி வேண்டுமே! ஆறாம் வகுப்போடு காமராசரின் படிப்பு நின்றது. மாமன் கருப்பையா நடத்திய துணிக்கடையில் அவர் வேலைக்கு அமர்ந்தார். கல்வி இலவசமாயினும் பசி இலவசமாகத் தீர்வதில்லை என்னும் உண்மையை அவர் இளமையிலேயே உணர்ந்தார்.

கடையில் இருந்தபடியே செய்தித்தாள்களைப் படித்தார், பொதுக்கூட்டங்களுக்குச் சென்றார், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டார். 1930ஆம் ஆண்டு உப்பு அறப்போரில் கலந்துகொண்டு சிறை புகுந்தார். அடுத்தடுத்துப் பலமுறை சிறைப்பட்டு, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையிற் கழித்தார். அச்சிறைக்கூடமே அவர்க்கு இரண்டாம் பள்ளியாயிற்று. அங்கே நூல்களைப் பயின்றார், ஆங்கிலமும் கற்றுக்கொண்டார்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். மாணாக்கர் அரைநாள் பள்ளியிலும் எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலிலும் ஈடுபடுமாறு 1953இல் வகுக்கப்பட்டிருந்த திட்டத்தை அவ்வாண்டே கைவிட்டார். மூடப்பட்டிருந்த பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. பள்ளியில்லாச் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் தோன்றின. ஏழை மாணாக்கர் உயர்நிலைப் பள்ளிவரை கட்டணமின்றிப் பயில வழி பிறந்தது. கல்வித்துறை இயக்குநராய் இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இப்பணிகளில் அவர்க்கு உறுதுணையாய் நின்றார்.

ஆனால், பள்ளியைத் திறந்தால் மட்டும் போதுமா? காமராசர் 1957, 1962ஆம் ஆண்டுத் தேர்தல்களில் வென்ற சாத்தூரும், அதனை அடுத்த சிவகாசியும் தீப்பெட்டித் தொழில் நிறைந்த பகுதிகள். தீக்குச்சி அடுக்குவதிலும் பெட்டி ஒட்டுவதிலும் சிறுவர் கைகள் ஈடுபட்டிருந்தன. வேறு ஊர்களிலோ சிறுவர் ஆடு மாடு மேய்த்தனர். அவர்களைப் பள்ளிக்கு வரவிடாது தடுத்தது பசியே. ஆகவே, 1956ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கி வைத்தார். அதற்கு முன்னரே சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் உணவு அளிக்கப்பட்டதுண்டு. அவ்வறத்தை நாட்டுப்புறமெங்கும் பரப்பிய பெருமை காமராசருடையது. தொடக்கத்தில் ஊரார் அளித்த நெல்லும் பருப்புமே இதற்கு மூலப்பொருள். பின்னர், ஓர் உணவுக்கு ஆகும் பத்துக் காசில் ஆறு காசை அரசு ஏற்றது; எஞ்சிய நான்கு காசை ஊரார் ஏற்றனர். பழைய பிடி அரிசி மாநிலம் முழுவதற்கும் உரிய பெரும்பானையாக மாறியது. பந்தியில் அமர்ந்த மாணாக்கர்க்கு முந்த வேண்டிய தேவை இல்லை. வரிசையில் யாவர்க்கும் ஒரே அளவு. உணவு ஒன்றினாலேயே சிறுவர் தொழில் ஒழிந்துவிடவில்லை. தீப்பெட்டிப் பகுதியில் அது பின்னும் பல்லாண்டுகள் நீடித்தது. ஆயினும், பசியால் பள்ளியைத் துறக்க இருந்த எண்ணிறந்த சிறுவரை அவ்வுணவு பள்ளியில் நிறுத்தியது என்பதில் ஐயமில்லை.

மாணாக்கரின் பசியை நினைத்தவர் ஆசிரியரின் முதுமையையும் மறந்தாரிலர். அரசினர் உதவி பெறும் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்க்கு அதுவரை ஓய்வூதியம் இல்லை. ஆண்டுகள் பல கற்பித்தபின், தம் மாணாக்கர் முன்னேறி நிற்க, தாம் மட்டும் வறுமையில் வாடும் நிலை அவர்களுக்கு இருந்தது. 1955ஆம் ஆண்டில் ஓய்வூதியம், சேமநிதி, ஆயுள் காப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே அளிக்கும் முந்நலத் திட்டம் அவர்கட்குக் கொண்டுவரப்பட்டது. நெல்லை எதிர்நோக்கித் திண்ணையில் அமர்ந்திருந்த ஆசிரியரைக் கண்ட ஒரு மாணவர், ஆட்சியில் அமர்ந்தபின் செலுத்திய குருதட்சணை என்றே இதனைக் கருதலாம்.

1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நிகழ்ந்தன. அரசினரை மட்டும் நம்பியிராமல், ஊர்மக்களே பள்ளிக்கு நிலமும் கட்டடமும் நாற்காலியும் மணியும் வழங்கினர். ஆசிரியர்கள் வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டினர். பிரம்பேந்திய கைகளே பள்ளிக்காகப் பொருள் வேண்டி நீண்டதைக் கண்ட மாணாக்கர், தம் ஆசிரியரைப் புதிய கண்ணோடு நோக்கினர்.

காமராசர் 1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சர் பதவியைத் துறந்தார். 1975ஆம் ஆண்டு அதே அக்டோபர் 2ஆம் நாள் உயிர் நீத்தார். வாடகை இல்லத்தில் வாழ்ந்த அவர் தமக்கெனச் செல்வம் எதுவும் தேடி வைத்திலர். அடுத்த ஆண்டில் பாரத ரத்னா என்னும் உயர்விருது அவர்க்கு வழங்கப்பெற்றது. அவர் பிறந்த நாள் இன்று தமிழகப் பள்ளிகளிற் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

பள்ளியை விட்டு நீங்கிய சிறுவர் பலர் பள்ளியை வெறுப்பர், அன்றி மறப்பர். காமராசரோ வெறுக்கவுமில்லை, மறக்கவுமில்லை. தாம் கண்ட பங்கு வேற்றுமையையும் பசியையும் ஆசிரியரின் வறுமையையும் நெஞ்சிற் பதித்து, காலம் வாய்த்தபோது அவற்றைத் தீர்க்க முயன்றார். வகுப்பறையிலே அமர்ந்து ஆசிரியரை நோக்கும் மாணாக்கர் ஒவ்வொருவர் கண்ணிலும் நாளைய நாட்டின் நீதி உருவாகிக்கொண்டிருக்கின்றது. ஒரு பிடி அரிசியை உண்டவர் ஓராயிரம் பிடியாகத் திருப்பித் தந்த வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவேயாகும்.